சுவர் தானாக இருமாது

என் எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும். எந்த இடத்தில் சின்ன ர, எந்த இடத்தில் பெரிய ற என்பது எனக்கு இன்றுவரை நிச்சயம் கிடையாது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனவன் நான். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் வயர்ப் பெட்டிகளின்மேல் அடையாளம்தான்: 'முன் குழாய்', 'பின் குழாய்', 'தொடாதே'. வாசிக்கிறவர்கள் தயவுசெய்து பொறுத்துக்கொள்ள வேண்டும். பேசுவதைவிட எழுதுவது எனக்குக் கொஞ்சம் எளிது என்பதால்தான் எழுதுகிறேன்.

என் தொழில் மைக் செட். கடியப்பட்டணத்துக்குப் பக்கத்தில் கடற்கரையோரம் எங்கள் ஊர். கோயில் திருவிழா, கல்யாணம், துக்க வீடு எல்லாவற்றுக்கும் என் குழாய்தான் கட்டுவார்கள். கூம்பு ஒலிபெருக்கியைத்தான் நாங்கள் குழாய் என்போம். இருபது வருடம் எத்தனையோ பேர் கையில் மைக்கைக் கொடுத்திருக்கிறேன். நான் அதில் ஒரு சொல் பேசியதில்லை. மற்ற செட்டுக்காரர்கள் 'ஹலோ, மைக் டெஸ்ட்' என்பார்கள். நான் நகத்தால் மூன்று தட்டுத் தட்டுவேன். கூட்டத்தைப் பார்த்தாலே எனக்கு நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

மீன் ஏலம் கூறுகிறவர் இதைச் சொல்லியே சிரிப்பார்.

"ஊருக்கே சத்தம் குடுக்கான். இவன் சத்தத்த இவன் பெண்டாட்டிகூட கேட்டிருக்க மாட்டா."

"நான் கேட்டிருக்கேன், ஒறக்கத்துல" என்பாள் என் மனைவி.

எனக்கு ஒரு தங்கை. என்னைவிடப் பதினொரு வயது இளையவள். எங்கள் வீட்டில் படிப்பு ஏறியது அவளுக்கு மட்டும்தான். இயற்பியலில் எம்.எஸ்ஸி. முடித்து, தக்கலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்துகொண்டே நாகர்கோவிலில் ஒரு கல்லூரி வழியாக ஆராய்ச்சிக்குப் பதிவுசெய்திருந்தாள். வீட்டுக்கு வரும்போதெல்லாம் ஒரு கட்டுத் தாள் கொண்டுவருவாள். ஒவ்வொரு தாளிலும் ஒரு கோடு நடுங்கிக்கொண்டே போகும். 'இது என்ன?' என்று கேட்க எனக்குக் கூச்சம். கேட்டால் அவள் சொல்லிவிடுவாள், எனக்குப் புரியாமல் போய்விடும் என்ற பயம்.

அது புரிந்தது 2009-ஆம் வருடத் திருவிழாவில். என் தப்பால்தான் புரிந்தது.

திருவிழாவின்போது ஒரு நாள் சாயங்காலம் செபமாலைப் பவனி போகும். ஊரின் வடக்கு ஓரத்தில் சிலுவை நாட்டிய சிறு கோயிலான குருசடியிலிருந்து கோயில்வரை கடற்கரைச் சாலையில் இரண்டு வரிசையாக மக்கள் நடப்பார்கள். முன்னால் தள்ளுவண்டியில் என் செட் போகும். கோயிலில் செபம் நடத்துகிற உபதேசியார் மைக்கில் செபத்தின் முதல் பாதியைச் சொல்வார். மறுபாதியை மக்கள் சொல்வார்கள். அந்த வருடம் வெளிநாட்டில் வேலைபார்த்தவர்கள் நிறைய பேர் வந்திருந்ததால் பவனி அரை கிலோமீட்டருக்கு மேல் நீண்டது.

நீளமான பவனியில் எப்போதும் ஒரு தொல்லை உண்டு. முன்னால் நடப்பவர்கள் மறுபாதியைச் சொல்லி முடித்துவிடுவார்கள். பின்னால் வருகிறவர்களின் குரல் இழுத்துக்கொண்டே வந்து சேரும். அது முடிவதற்குள் உபதேசியார் அடுத்ததை ஆரம்பித்துவிடுவார். பின்னால் வருகிறவர்கள் சோம்பேறிகள், அரட்டை அடித்துக்கொண்டு வருகிறார்கள் என்றுதான் நான் வருடக்கணக்கில் நினைத்திருந்தேன். அந்தத் தடவை அவர்களைத் திருத்திவிடுவது என்று முடிவுசெய்தேன். பவனியின் வாலில் இன்னொரு தள்ளுவண்டியும் குழாயும் வைத்து, முன்வண்டியிலிருந்து வயர் இழுத்தேன். அவ்வளவு நீள வயரைத் தரையில் விட முடியாது. வரிசையில் நடக்கிற பெண்களே ஒரு கையில் செபமாலையும் மறு கையில் வயருமாகப் பிடித்துக்கொண்டு வந்தார்கள்.

"மக்கா, இது ஒன் செபமா, எங்க செபமா?" என்று ஒருத்தி கேட்டாள்.

செபமாலையின் முதல் பத்து மணிகளை உருட்டி முடிப்பதற்குள் எல்லாம் குழம்பிவிட்டது. முன்னால் நிற்கிறவர்களுக்கு உபதேசியாரின் குரல் பக்கத்திலிருந்து ஒருமுறை கேட்டது. ஒன்றரை நொடி கழித்து வாலிலிருந்து அதே குரல் இன்னொரு முறை கேட்டது. சிலர் முதல் குரலுக்குப் பதில் சொன்னார்கள், சிலர் இரண்டாவதற்குக் காத்திருந்தார்கள். வாலில் இருந்தவர்களுக்கும் அதே கதி. ஒரே பவனியில் இரண்டு செபமாலை ஓடியது. எத்தனை மணி சொன்னோம் என்று உபதேசியாருக்கே தெரியாமல் போயிற்று. அவர் மைக்கை மூடாமலே கத்தினார்.

"ஏலே, ஒன் குழாயில பேயா இருக்கு? நான் சொன்னத எனக்கே திருப்பிச் சொல்லுது!"

அதுவும் இரண்டு முறை கேட்டது. ஊரே சிரித்தது. நான் வண்டிக்கு அடியில் குனிந்து, ஏதோ வயரைச் சரிசெய்கிறவன் போல உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் நான் சாப்பிடவில்லை. தங்கை பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளுக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

"அண்ணா, குழாயில ஒரு கொறையும் இல்ல. சத்தம் காத்துல நடந்துதான் வரும். வயர்ல பறந்து போவும். நீங்க ஒரே கொரல ரெண்டு வழியில விட்டுட்டீங்க, அவ்வளவுதான்."

"அப்ப பின்னால உள்ளவங்க?"

"அவங்க ஒழுங்காத்தான் சொல்லுதாங்க. கேக்கதுக்குக் கொஞ்ச நேரம், சொன்னது வாறதுக்குக் கொஞ்ச நேரம். பவனி எவ்வளவு நீளமோ அவ்வளவு இழுக்கும். பத்து பேர் வட்டமா நின்னு சொன்னா வெட்டுனாப்புல நிக்கும்."

சொன்னவள் சட்டென்று நிறுத்தினாள். "அண்ணா, நான் படிக்கதும் இதுதான்" என்றாள். தாள் கட்டை எடுத்துவந்து விரித்தாள். அன்றைக்கு அவள் சொன்னதை என்னால் முடிந்தவரை எழுதுகிறேன்.

எங்கேயோ வெகுதூரத்தில் ஒரு விண்மீன் கூட்டம். அதன் நடுவில் ஒரு கருந்துளை. அதைச் சுற்றிலும் வாயு ஒரு தட்டுப்போலப் பரந்து, சுழன்று சுழன்று உள்ளே விழுகிறது. துளைக்கு மிகப் பக்கத்தில் ஏதோ ஒன்று விளக்குமாதிரி எரிகிறது. அதிலிருந்து வருவது கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமல்ல, ஆஸ்பத்திரியில் எலும்பைப் படம் எடுக்கிற எக்ஸ்ரே கதிர். பூமியைச் சுற்றுகிற ஒரு செயற்கைக்கோள் அந்தக் கதிரை நாள் முழுக்கப் பதிவுசெய்திருக்கிறது. அந்தப் பதிவுதான் தாளில் நடுங்குகிற கோடு. கதிர் அரை மணி நேரத்தில் கூடுகிறது, அடுத்த அரை மணியில் குறைகிறது. அந்த விளக்கை யாரும் பார்த்ததில்லை, எந்தத் தொலைநோக்கியிலும் தெரியாத அளவுக்குச் சின்னது. ஆனால் அது சின்னது என்று எப்படித் தெரியும்? அது மினுங்குகிற வேகத்தை வைத்துத்தான். பெரிய பவனியால் வெட்டினாற்போல நிறுத்த முடியாது. பெரிய விளக்காலும் முடியாது.

இன்னொன்றும் சொன்னாள். அந்த விளக்கின் கதிர் ஒரு பங்கு நேராக நம்மிடம் வருகிறது. இன்னொரு பங்கு பக்கத்திலுள்ள வாயுத் தட்டில் பட்டுத் திரும்பி வருகிறது. சுற்றி வருவதால் கொஞ்சம் தாமதம். எதிரொலிமாதிரி எதிரொளி. எவ்வளவு தாமதம் என்று கணக்குப் பார்த்தால், விளக்குக்கும் தட்டுக்கும் எவ்வளவு தூரம் என்று சொல்லிவிடலாம்.

"அப்ப ஒன் படிப்பும் மைக் செட்டு வேலதான்" என்றேன். அன்றைக்கு நான் சாப்பிட்டேன்.

ஐந்து வருடம் போனது. பள்ளிக்கூட வேலை, ஆராய்ச்சி இரண்டையும் இழுத்துக்கொண்டு அவள் ஒருவழியாக ஆய்வேட்டை எழுதிக்கொடுத்தாள். வெளியூர்த் தேர்வாளர் ஒருவர் அதைத் திருப்பி அனுப்பினார். 'கணக்கு சரியாக இருக்கிறது. ஆனால் எதைக் கணக்கிட்டோம் என்பது இவருக்குத் தெரிந்திருப்பதாகத் தெரியவில்லை' என்று அறிக்கையில் எழுதியிருந்தாராம். அவள் மறுபடி திருத்தி எழுதினாள். இந்தத் தடவை ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் கடைசியில் வாய்மொழித் தேர்வு உண்டு. நடத்த வருகிறவர் அதே தேர்வாளர். பதிவுக்காலம் முடிய இரண்டு மாதம்தான் பாக்கி. இதில் தோற்றால் அத்தனை வருடமும் வீண்.

வாய்மொழித் தேர்வுக்கு ஒரு அறிவிப்பு அடிப்பார்கள். அதில் 'அனைவரும் வருக' என்று ஆங்கிலத்தில் போடுவது வழக்கம். வழக்கத்துக்காகப் போடுகிற வரி அது. நாலைந்து பேராசிரியர்களும் சில மாணவர்களும்தான் வருவார்களாம். எங்கள் தெருப் பெண்களுக்கு அது தெரியாது. வாரம் ஒருநாள் கூடிச் செபிக்கிறவர்கள் அவர்கள், ஆய்வேடு திரும்பி வந்தபோது அவளுக்காக ஒன்பது நாள் செபம் வைத்தவர்கள். அந்த வரிக்கு அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

"கூப்பிட்டிருக்கப்ப போவாம இருந்தா மரியாதையா?" என்றாள் மீன் விற்கிற ஒரு அக்கா. அவள்தான் அந்தக் கூட்டத்துக்குத் தலைவி.

வேன் பிடித்து முப்பத்தைந்து பேர் திருவிழாச் சேலையில் வந்து இறங்கினார்கள். இரண்டு வாளியில் சோறும் மீன் குழம்பும் வேறு. கல்லூரிக் காவலாளி ஏதோ ஊர்வலம் என்று நினைத்துக் கேட்டைச் சாத்தப்போனார்.

கருத்தரங்குக் கூடத்து மைக் கரகரக்கும் என்பதால் தங்கை என் செட்டைக் கொண்டுவரச் சொல்லியிருந்தாள். நான் ஓரத்தில் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் உட்கார்ந்தேன். பின்வரிசையெல்லாம் எங்கள் பெண்கள். முன்வரிசையில் பேராசிரியர்கள் அடிக்கடி திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள். தேர்வாளர் ஒல்லியான மனிதர். சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை.

தங்கை ஆங்கிலத்தில் முக்கால் மணி நேரம் பேசினாள். படங்கள் திரையில் மாறின. தேர்வாளர் குறித்துக்கொண்டே இருந்தார். முடிந்ததும் பேனாவை மூடினார்.

"கணக்கெல்லாம் பார்த்துட்டேன் அம்மா. எனக்கு ஒண்ணு தெரியணும். இத்தனை பேர் உங்க ஊர்லேருந்து வந்திருக்காங்க. அந்தக் கதிர் வர்ற இடம் சின்னதுன்னு எப்படிச் சொல்றீங்க? அதை இவங்களுக்குப் புரியற மாதிரி தமிழ்ல சொல்லுங்க. சமன்பாடு வேண்டாம். நீங்க புரிஞ்சு செஞ்சிருந்தா சொல்ல வரும்."

அவள் வாயைத் திறந்தாள். "அதாவது..." என்றாள். ஏதோ ஆங்கிலச் சொல் வந்தது, அதை விழுங்கினாள். "அந்த மூலத்தினுடைய பரிமாணம்..." என்று தொடங்கி நிறுத்தினாள். கையிலிருந்த தாளைப் புரட்டினாள். திரையில் அந்த நடுங்குகிற கோடு தெரிந்தது. தேர்வாளர் ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் பேனாவைத் திறந்தார்.

அவளுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும். அன்றைக்கு நான் சாப்பிடாமல் இருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து எனக்கே புரியவைத்தவள் அவள். அந்தப் பவனி ஞாபகத்துக்கு வந்தால் போதும், மீதி தானாக வந்துவிடும். ஆனால் அதை எப்படி அவளுக்கு எட்டவைப்பது? என் முன்னால் இன்னொரு மைக் இருந்தது. நகத்தால் மூன்று தட்டினேன். எல்லாரும் திரும்பினார்கள். அவளும் திரும்பினாள். ஆனால் அவள் கண்ணில் ஒன்றும் தெளியவில்லை.

பிறகு செய்ததை நான் யோசித்துச் செய்யவில்லை. மைக்கை வாய்க்குக் கிட்டக் கொண்டுவந்து, செபத்தின் முதல் பாதியைச் சொன்னேன். நடுவில் ஒருமுறை இருமினேன். அதுவும் குழாயில் போனது. என் குரலை அப்படிப் பெரிதாக நான் கேட்டது அதுதான் முதல் தடவை. யாரோ வேறு ஆள் பேசுவதுபோல இருந்தது.

முடித்தேனோ இல்லையோ, பின்வரிசையில் முப்பத்தைந்து பெண்களும் மறுபாதியைச் சொன்னார்கள். யாரும் யோசிக்கவில்லை. பிறந்ததிலிருந்து முதல் பாதி காதில் விழுந்தால் மறுபாதி வாயில் வருகிறவர்கள். ஒரே குரலாக எழுந்து ஒரே நொடியில் நின்றது. சன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"யாருங்க அது? மைக்கை நிறுத்துங்க!" என்று துறைத் தலைவர் எழுந்தார்.

"இருங்க, இருங்க" என்று தேர்வாளர் கையைக் காட்டினார். என்னையே பார்த்தார். ஆரம்பித்தாகிவிட்டது. பெண்கள் பக்கம் திரும்பி மைக்கிலேயே கேட்டேன்.

"இப்ப எப்பிடி நின்னுது?"

"வெட்டுனாப்புல நின்னுது" என்றாள் மீன்கார அக்கா.

"பவனியில?"

"அங்க எங்க நிக்கும்? இழுத்துக்கிட்டே கெடக்கும்லா."

"ஏன்?"

"இதென்ன கேள்வி? அங்க கூட்டம் நீளம். இஞ்ச நாங்க ஒரு மூலையில இடிச்சுக்கிட்டுக் கெடக்கோம்."

"அப்ப, கண்ணால பாக்காம, சத்தத்த மட்டும் கேட்டா, கூட்டம் பெருசா சிறுசான்னு சொல்லுவியளா?"

"சொல்லாம? இழுத்தா பெருசு, பட்டுனு நின்னா சிறுசு."

தங்கை சிரித்துவிட்டாள். தாளை மேசையில் வைத்தாள். மேடையை விட்டு இறங்கி, பின்வரிசைக்கு முன்னால் வந்து நின்றாள். அதற்குப் பிறகு என் மைக் அவளுக்குத் தேவைப்படவில்லை.

"அக்கா, நீங்க இப்ப சொன்னதத்தான் நான் ஆறு வருசமா எழுதிக்கிட்டு கெடக்கேன்" என்று தொடங்கினாள். செபத்துக்குப் பதிலாக வெளிச்சம், மக்களுக்குப் பதிலாகச் சூடான வாயு. வெளிச்சமும் நடந்துதான் வரும், ஆனால் அதைவிட வேகமாக எதுவும் நடக்காது. அரை மணியில் கூடிக் குறைகிற இடம், ஒளி அரை மணியில் கடக்கிற தூரத்தைவிடப் பெரிதாக இருக்க முடியாது. ஒரு விண்மீன் கூட்டத்தோடு ஒப்பிட்டால் அது கடற்கரையில் ஒரு மணல். அந்த மணல் அவ்வளவு வெளிச்சம் தரவேண்டும் என்றால் அங்கே கருந்துளை இருந்தே ஆகவேண்டும். எங்கள் பேச்சிலேயே சொன்னாள். இடையில் ஒருத்தி, "அப்ப அது நம்மள இழுத்துப்புடாதா மக்கா?" என்று கேட்டாள். "அது வேற ஊரு அக்கா. நம்ம பக்கம் எட்டாது" என்றாள் இவள்.

தேர்வாளர் தன் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"சரி. எதிரொளின்னு எழுதியிருக்கீங்க. தாமதமா வர்ற மினுக்கம் தட்டிலே பட்டுத் திரும்பி வந்ததுதான்னு என்ன நிச்சயம்? அந்தத் தட்டே தானா மினுங்கியிருக்கலாமே?"

இதுதான் கஷ்டமான கேள்வி என்று அவர் கேட்ட விதத்திலேயே தெரிந்தது. அவள் கொஞ்சமும் யோசிக்கவில்லை. பெண்களைப் பார்த்துத்தான் பதில் சொன்னாள்.

"பவனி கோயிலுக்கு எதுக்க வரும்போ, கோயில் சுவர்ல பட்டு நம்ம சத்தம் திரும்பி வரும்லா? அது சுவர் தானா பேசுததுன்னு யாராவது சொல்லுவோமா?"

"பைத்தியம்தான் சொல்லும்."

"இப்ப அண்ணன் நடுவுல இருமுனாங்க. கோயில் முன்னால நின்னு இருமியிருந்தா?"

"சுவரும் இருமும்."

"எந்த எடத்துல?"

"அவன் இருமுன அதே வார்த்தையில."

"ஆமா. சுவர் தானாக இருமாது." அவள் திரையில் இரண்டு கோடுகளைக் காட்டினாள். "மேல உள்ளது வெளக்கு. கீழ உள்ளது தட்டு. மேல எங்கெல்லாம் ஏறி எறங்குதோ, கீழயும் அங்கெல்லாம் ஏறி எறங்குது, கொஞ்சம் பிந்தி. ஒரு எடத்துல ரெண்டு எடத்துலன்னா தற்செயல்னு சொல்லலாம். ஒரு பகல் ஒரு ராத்திரி முழுக்க அப்பிடியே வருது. தட்டு தானா மினுங்கல சார். வெளக்கு சொன்னதத்தான் திருப்பிச் சொல்லுது."

தேர்வாளர் முன்னால் இருந்த அறிக்கைத் தாளில் எதையோ அடித்துவிட்டு வேறு எழுதினார். பிறகு எழுந்து ஆங்கிலத்தில் இரண்டு வரி சொன்னார். பேராசிரியர்கள் கைதட்டினார்கள். பெண்களுக்குப் புரியவில்லை. எல்லாரும் தங்கையின் முகத்தையே பார்த்தார்கள்.

"கெடச்சாச்சு" என்றாள் அவள்.

அதற்குப் பிறகு அந்தக் கூடத்தில் எழுந்த சத்தத்துக்கு எந்தக் குழாயும் வேண்டியிருக்கவில்லை. மீன்கார அக்கா அவளைத் தூக்கிச் சுற்றினாள். ஒரு பேராசிரியரின் கண்ணாடி கீழே விழுந்தது. அவர் சிரித்துக்கொண்டே எடுத்தார். தேர்வாளர் என்னிடம் வந்து கையை நீட்டினார். என்ன செய்வது என்று தெரியாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"நான் பதினெட்டு வருஷமா இதைப் பாடம் நடத்துறேன். இனிமே இப்படித்தான் நடத்தப்போறேன். உங்க ஊர்ப் பவனின்னே சொல்லலாமா?" என்று கேட்டார்.

"சொல்லுங்க சார்" என்றேன். தெளிவாகத்தான் சொன்னேன்.

மத்தியானம் மரத்தடியில் எல்லாரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். தேர்வாளரும் சாப்பிட்டார். மீன் வேண்டாம் என்று குழம்பை மட்டும் ஊற்றிக்கொண்டவர், இரண்டாம் தடவை மீனோடு கேட்டார். தங்கை கையெழுத்துப் போட வேண்டிய தாள் ஒன்றை யாரோ கொண்டுவந்தார்கள். அவள் கையைத் துடைத்துவிட்டுப் போட்டாள். பெண்கள் ஒருவர் தோளுக்குமேல் ஒருவராக எட்டி, அது ஆங்கிலம் என்று தெரிந்தும், முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை பார்த்தார்கள்.

இப்போது அவள் ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறாள். அன்றைக்கு நடந்ததை யார் யாரோ கூட்டியும் குறைத்தும் சொல்கிறார்கள். நான் மைக்கில் ஒரு மணி நேரம் ஆங்கிலத்தில் பேசினேன் என்றுகூட ஒருவர் சொன்னார். நான் அன்று பேசியது ஒரு பாதிச் செபமும் சில கேள்விகளும்தான். அதுவே எனக்குப் போதுமானதாக இருந்தது. நடந்தது நடந்தபடி இருக்கட்டும் என்று எழுதிவைக்கிறேன்.

2016 ஆகஸ்ட் 21, ஞாயிற்றுக்கிழமை.